உஷார்! டப்பாவில் அடைத்த மஞ்சள் வேறு சரக்கு

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகளுக்கு 31 வயது, கல்யாணமாகி நாலு வருஷம். சினைப்பையில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. எடை 82 கிலோ. சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடியை ஒட்டி மூன்று டப்பாக்கள். ஒன்று க்ரீன் டீ சாறு, ஒன்று மஞ்சள், இன்னொன்று கொடம்புளி. மூன்றும் கேப்ஸ்யூல்.

"எல்லாம் ஹெர்பல்தான் அத்தை, ஆன்டி ஆக்ஸிடன்ட். கருமுட்டை தரம் ஏறும், உடம்பும் இறங்கும்னு சொன்னாங்க" என்றாள். யார் சொன்னது? இன்ஸ்டாகிராமில் ஒரு பெண். வைத்தியம் பார்க்கும் டாக்டருக்குத் தெரியுமா? "இது மருந்து இல்லையே, அவங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இந்தக் கடைசிப் பதில்தான்.

க்ரீன் டீ டப்பாவை எடுத்துத் திருப்பினேன். எறும்பு எழுத்து. போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. முன்பக்கம் இலையும் பூவுமாகப் படம், கருப்பைக்குத் துணை என்ற வாசகம். பின்பக்க மூலையில் 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்', அதாவது மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதிப்படி இந்த வகைச் சரக்கில் அந்த வரி இருந்தாக வேண்டும். முன்பக்கம் ஆசை காட்டுகிறது, பின்பக்கம் கை கழுவுகிறது. நடுவில் இருக்கும் பெண் தினமும் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

விற்பவர்கள் சொல்வது முழுப் பொய்யாக இருந்தால் இவ்வளவு பதற வேண்டியதில்லை. பாதி உண்மை. அதுதான் வில்லங்கம்.

உடல் பருமன் என்பது இடுப்பில் சேரும் சதை மட்டும் இல்லை. கொழுப்புத் திசு கூடும்போது உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையை உசுப்பி ஆண்மை ஹார்மோனைக் கூட்டுகிறது. கருமுட்டை முதிர்ந்து வெடித்து வெளியே வரும் கணக்கு தவறுகிறது. மாதவிடாய் தள்ளிப்போகிறது. இதோடு செல்களுக்குள் ஆக்ஸிஜன் சார்ந்த வீரியமான துணுக்குகள் மிகுந்துபோய், முட்டைக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையே பதம் பார்க்கின்றன. விளம்பரக்காரர்கள் 'உள்ளே துருப் பிடிக்கிறது' என்று சொல்வது இதைத்தான். தாவரங்களில் உள்ள பாலிஃபீனால்கள் இந்தத் துணுக்குகளை அடக்கக்கூடியவை, அதாவது ஆன்டி ஆக்ஸிடன்ட். பருத்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளில் முட்டையின் தரம் தேறியது நிஜம்.

மனிதர்களிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெராட்ரால் என்ற பாலிஃபீனாலை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கு தினம் 1500 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுமார் 23 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆய்வை முடித்தவர்கள் 30 பேர். அளந்தது ஹார்மோனை, தொட்டிலை அல்ல. இந்த ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு எத்தனை விளம்பரங்கள் ஓடுகின்றன!

ஆய்வுகளை எல்லாம் சேர்த்துச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, குழந்தைப்பேறு தாமதமாகும் பெண்களுக்கு ஆன்டி ஆக்ஸிடன்ட் உதவுமா என்று 2020-ல் கணக்கெடுத்தது. 63 ஆய்வுகள், 7760 பெண்கள். பலன் இருக்கலாம் என்பதற்கு மேல் அதனால் போக முடியவில்லை. சான்றுகளின் தரம் குறைவு, மிகக் குறைவு என்றே மதிப்பிட்டது. டப்பாவின் முன்பக்கம் இது எதுவும் ஏறுவதில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை இதை எழுத வைத்தது.

அந்தத் 'துரு' முழுக்க எதிரி இல்லை. கருமுட்டை பையை உடைத்துக்கொண்டு வெளியே வருவதற்கே அந்த ஆக்ஸிஜன் துணுக்குகள் கொஞ்சம் தேவை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எலிகளின் சினைப்பையில் ஆன்டி ஆக்ஸிடன்டைச் செலுத்திப் பார்த்தார்கள். வெளிவந்த முட்டைகளின் எண்ணிக்கை சரிந்தது. 2011-ல் வெளிவந்த ஆய்வு இது. கருத்தரிக்க வேண்டும் என்று விழுங்குகிற பொருள் முட்டை வெளியேறும் வாசலையே அடைத்தால் என்ன சொல்வது? மனிதப் பெண்ணுக்கு அப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 'எவ்வளவு போட்டாலும் நல்லதுதான்' என்ற நினைப்பு இங்கேயே உடைந்துவிடுகிறது.

ஜப்பானில் சோதனைக் குழாய் சிகிச்சை எடுத்த பெண்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டி 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கரு பதிக்கும் சுழற்சியில் ரெஸ்வெராட்ரால் எடுத்தவர்களுக்குக் கர்ப்பம் தங்கிய விகிதம் குறைவு, கலைந்த விகிதம் அதிகம். கருவை ஏற்கக் கருப்பையின் உள்சுவர் மெத்தைபோலத் தயாராக வேண்டும். அந்தத் தயாரிப்பை இப்பொருள் தடுக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பதிவேட்டு ஆய்வுதான், இறுதித் தீர்ப்பு இல்லை. ஆனாலும் ஹார்மோனைச் சீராக்கியது என்று புகழப்பட்ட அதே பொருள்தான் இங்கே கருவின் படுக்கையைக் கலைப்பதாகத் தெரிகிறது. எந்த வாரத்தில் நன்மை, எந்த வாரத்தில் தீமை என்பதை இன்ஸ்டாகிராம் பெண்ணா கணக்குப் போட்டுக் கொடுப்பாள்?

குரங்குகளிடம் நடந்தது இன்னும் கலங்க வைக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கொழுப்புத் தீவனத்தில் வளர்ந்த கர்ப்பிணிக் குரங்குகளுக்கு ரெஸ்வெராட்ரால் கொடுத்தார்கள். தாய்க்கு நல்ல பலன்: நஞ்சுக்கொடிக்கு ரத்த ஓட்டம் கூடியது, கல்லீரலில் கொழுப்பு குறைந்தது. பிறகு வயிற்றுக் குட்டிகளைப் பார்த்தால், கணையம் 42 சதவீதம் பெருத்திருந்தது. 2014-ல் அதை வெளியிட்டவர்களே கர்ப்பிணிகள் இதைத் தொட வேண்டாம் என்றார்கள். தாய்க்குத் தேனாக இருப்பது பிள்ளைக்கு என்னவாகும் என்பது தாயின் ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தைப் பற்றிப் பிரேசிலில் இருந்து ஓர் எச்சரிக்கை உண்டு. போர்ட்டோ அலெக்ரி நகரத்துக் குழந்தை இதய மருத்துவர் பாவ்லோ ஜீலின்ஸ்கியின் குழு, பாலிஃபீனால் மிகுந்த உணவையும் பானங்களையும் கர்ப்பிணிகள் ஏராளமாக எடுக்கும்போது வயிற்றுக் குழந்தையின் இதயத்தை ஒட்டிய முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று சுருங்குவதைத் தொடர்ந்து காட்டிவந்தது. பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டிய குழாய் அது. வலி மாத்திரைகள் சிலவற்றைக் கடைசி மாதங்களில் டாக்டர்கள் தடுப்பதும் இதே காரணத்துக்குத்தான். நாளுக்கு ஒரு கப் டீ குடிப்பவர்கள் பயப்பட வேண்டாம். பத்து கப்பைக் காய்ச்சி ஒரு கேப்ஸ்யூலில் அடைத்தால் அப்போது பயப்படத்தான் வேண்டும்.

"நம்ம பாட்டி காலத்திலிருந்து மஞ்சள் சாப்பிடுறோமே?" என்று கேட்பீர்கள். சரி, கணக்குப் போடலாம். மஞ்சள்தூளில் குர்குமின் என்ற பாலிஃபீனால் சுமார் 3 சதவீதம். குழம்புக்குப் போடும் கால் டீஸ்பூனில் அது 20, 25 மில்லிகிராம் தேறும். அதையும் நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம், அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடுகிறது. 95 சதவீதம் என்று அச்சடித்த 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்றில் 475 மில்லிகிராம். அதாவது சுமார் 16 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம், அஞ்சு டீஸ்பூனுக்கு மேல். அதோடு விட்டார்களா? மிளகிலிருந்து எடுத்த பைப்பரினையும் சேர்க்கிறார்கள். 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வில், பைப்பரினோடு கொடுத்தபோது மனிதர்களின் ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கிடைத்தது. பாட்டி எந்தக் காலத்தில் இந்த அளவு மஞ்சள் சாப்பிட்டாள்?

விளைவு? இத்தாலியில் 2019-ல் மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை வரிசையாக வந்தது. முதலில் கலப்படமோ என்று தேடினார்கள், கலப்படம் இல்லை. டப்பாக்களில் எச்சரிக்கை போடச் சொல்லி அந்நாட்டு அரசு உத்தரவிட்டது. ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் இதே காரணத்துக்காக எச்சரித்தது. அமெரிக்காவில் மூலிகைப் பொருட்களால் கல்லீரல் கெட்டு வருகிறவர்களைக் கண்காணிக்கும் மருத்துவர்கள், மஞ்சள், க்ரீன் டீ சாறு, கொடம்புளிச் சாறு, அஸ்வகந்தா நாலையும் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். என் அண்ணன் வீட்டு மேஜையில் அந்த நாலில் மூன்று இருந்தது.

க்ரீன் டீ விஷயத்தில் ஐரோப்பாக்காரர்கள் இன்னும் கறார். அதில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் என்சைம்கள் ஏறுகின்றன என்று அவர்களுடைய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. 2022-ல் சட்டமே வந்தது: 800-க்குக் கீழேதான் இருக்க வேண்டும்; கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 18 வயதுக்குட்பட்டவர்கள் எடுக்கக் கூடாது, வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது என்று டப்பாவில் போட வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்ணிடம் இருந்த டப்பாவில் 'காலையில் வெறும் வயிற்றில்' என்றே அச்சடித்திருந்தது.

எடை கூடிய, நீர்க்கட்டி உள்ள பெண்களில் பலருக்கு ஏற்கெனவே கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். அடிபட்ட இடத்திலேயே அடி விழுகிறது. இன்னொரு சிக்கல், அறிகுறி. கல்லீரல் கெடும்போது முதலில் வருவது குமட்டல், பசியின்மை, அசதி. கருத்தரிக்கக் காத்திருக்கும் வீட்டில் இவற்றைக் கண்டால் என்ன நினைப்பார்கள்? 'தலை குளிக்காமல் இருக்கிறாளா' என்று மாமியார் நாள் எண்ணத் தொடங்கிவிடுவார்! சிறுநீர் அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ போனால், உடம்பெல்லாம் அரித்தால், கண் மஞ்சளித்தால் காத்திருக்கவே கூடாது. டப்பாவை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சேதமும் உண்டு. தேயிலையின் பாலிஃபீனால்கள் உணவில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இரும்பு மாத்திரையையும் க்ரீன் டீ கேப்ஸ்யூலையும் ஒரே தம்ளர் தண்ணீரில் விழுங்கினால் ஒன்று மற்றொன்றை வெட்டிவிடும். ஃபோலிக் அமிலம் வேலை செய்யும் வழியிலும் ஈஜிசிஜி குறுக்கிடுவதைச் சோதனைச்சாலையில் கண்டிருக்கிறார்கள். குழந்தையின் முதுகெலும்பும் மூளையும் சரியாக உருவாக ஃபோலிக் அமிலம் தேவைப்படுவது கர்ப்பம் என்று தெரிவதற்கு முந்தைய வாரங்களில். சரியாக அந்த வாரங்களில்தான் இந்த டப்பாக்கள் காலியாகின்றன.

பிள்ளை பிறந்த பிறகும் டப்பா துரத்துகிறது.

பிரசவ வார்டில் மூன்றாம் நாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழந்தை கதறும். தாய் மார்பைக் கையால் அழுத்திப் பார்த்து அழுவாள். அத்தை பூண்டுக் குழம்பு, மாமி பால்சுறாப் புட்டு, யாரோ ஒருத்தி வெந்தயக் கேப்ஸ்யூல். "உடம்பு இவ்வளவு இருக்கு, பால் மட்டும் இல்லையே" என்று ஒரு சொல்லும் விழும். அந்த நாக்கை என்ன செய்தால் தகும்!

உடம்பு பெருத்தவர்களுக்குப் பால் தாமதமாக இறங்குவது உடலியல், அவள் குற்றம் இல்லை. பிரசவமானதும் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்க வேண்டும், குழந்தை சப்பும்போது புரோலாக்டின் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால்தான் சீம்பால் நிறைபாலாக மாறும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேத்லீன் ராஸ்முசென் 2004-ல் அளந்து காட்டினார்: எடை கூடிய தாய்மாருக்கு முதல் வாரத்தில், குழந்தை சப்பியும் புரோலாக்டின் எழும்புவது மந்தமாக இருந்தது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் பால் சுரக்கும் செல்களைத் தாமதப்படுத்துகிறது. இதோடு சிசேரியன். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். மயக்கம் தெளிந்து, வலி அடங்கி, பிள்ளையை மார்பில் போடுவதற்குள் பொன்னான நேரம் போய்விடுகிறது. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள் என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. நாடு முழுவதற்கும் அது 24 சதவீதம். ஆக, இந்த மூன்றாம் நாள் கண்ணீர் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு.

இதில் ஆன்டி ஆக்ஸிடன்ட் எங்கே வந்தது? பால் இறங்காததற்குக் காரணம் அது போதாமை இல்லை. வெந்தயம் குழம்பில் இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை, கேப்ஸ்யூலாகக் கைநிறைய விழுங்கினால் ரத்தச் சர்க்கரையை இறக்கும். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குத் தலை சுற்றிக் கீழே விழும் அளவுக்கும் இறங்கலாம். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமை தரலாம். இதைவிட மோசம், பாலூட்டிக்கொண்டே 'பிரசவ எடை குறைய' என்று கொடம்புளியும் க்ரீன் டீ சாறும் எடுப்பது. பால் வழியாகப் பிள்ளைக்கு எவ்வளவு போகிறது, போனால் என்ன ஆகும் என்று பார்த்த ஆய்வுகள் இல்லாத குறைதான். பச்சிளங்குழந்தையின் கல்லீரலை வைத்தா அதைச் சோதிப்பது?

கேப்ஸ்யூலை நம்பி இரண்டு நாள் காத்திருக்கும்போது நஷ்டப்படுவது குழந்தை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். சிசேரியன் என்றாலும் செவிலியரைக் கேட்டு நச்சரித்துப் போடுங்கள். தோலோடு தோல் ஒட்டி. முதல் நாள் ஒவ்வொரு தடவையும் ஒரு டீஸ்பூன் சீம்பால்தான் வரும். அது அந்தப் பிஞ்சு வயிற்றுக்குப் போதும். நாளுக்கு 8 முதல் 12 தடவை. சப்பவில்லையா, கையால் பீய்ச்சிச் சங்கிலோ பாலாடையிலோ புகட்டுங்கள். மார்பு காலியானால்தான் மார்பு நிரம்பும். வேறு எந்த லேகியமும் அந்தக் கட்டளையை உடம்புக்கு இடுவதில்லை. பெரிய மார்பு உள்ளவர்களுக்குக் குழந்தை வாய் வைக்கும் நிலைதான் பல நேரம் பிரச்சினை. கையால் தாங்கிப் பிடிக்க, பக்கவாட்டில் படுத்துக் கொடுக்கச் சொல்லித்தரும் ஒரு நல்ல செவிலியர் பத்து டப்பாவுக்குச் சமம். நாலைந்து நாள் ஆகியும் ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் போகவில்லை, பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, பிள்ளை சோர்ந்து தூங்கியே கிடக்கிறது என்றால் குழந்தை டாக்டரிடம் ஓட வேண்டும்.

டாக்டர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. நாற்காலியில் உட்காருவதற்குள் "முதல்ல வெயிட்டைக் குறைம்மா" என்று ஃபைலை மூடுபவர்கள் இருக்கிறார்கள். எப்படிக் குறைப்பது, எவ்வளவு குறைத்தால் போதும் என்று சொல்ல அவர்களுக்கு இரண்டு நிமிஷம் கிடைப்பதில்லை. அவமானப்பட்டு வெளியே வருகிற பெண்ணிடம் இனிக்க இனிக்கப் பேசி விற்கிறது போன் திரை. அண்ணன் மகளிடம் அன்று நான் சொன்னது, அவள் இருபது கிலோ குறைக்க வேண்டியதே இல்லை. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கினாலே பலருக்கு முட்டை வெளியேறுவது சீராகத் தொடங்குகிறது. அவள் கணக்குக்கு நாலிலிருந்து எட்டு கிலோ. முட்டை வெளியேறச் செய்ய லெட்ரோசோல் என்று நிரூபணமான மாத்திரை இருக்கிறது, விலையும் இந்த டப்பாக்களில் ஒன்றைவிடக் குறைவு. ஆனால் டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும், ஸ்கேன் வைத்து. 31 வயதில் டப்பாவோடு ஒரு வருஷம் போனால் அந்த வருஷம் திரும்பி வராது.

கீரையை விடாதீர்கள். நெல்லிக்காய், முருங்கை, கொய்யா, கறிவேப்பிலை, கேழ்வரகு, ரசத்தில் மஞ்சளும் மிளகும் எல்லாம் இருக்கட்டும். கன்னியாகுமரி மீன்குழம்பில் கொடம்புளியும் இருக்கட்டும். தட்டில் இருக்கும்வரை அது சாப்பாடு. சாறாக்கி, செறிவாக்கி, டப்பாவில் அடைத்த பிறகு அது மருந்து. விற்பவர் அப்படிச் சொல்லாவிட்டாலும் உங்கள் கல்லீரல் அதை மருந்தாகத்தான் பார்க்கும்.

இன்றைக்கு ராத்திரி அலமாரியைத் திறந்து பாருங்கள். கருத்தரிக்க முயல்பவர், கர்ப்பிணி, பாலூட்டுபவர் யார் வீட்டில் இருந்தாலும் சரி, இருக்கிற 'ஹெர்பல்' டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் போடுங்கள். அடுத்த செக்கப்புக்கு ஃபைலோடு அந்தப் பையையும் எடுத்துப்போய் டாக்டர் மேஜையில் வையுங்கள். அதுவரை ஒன்றையும் விழுங்க வேண்டாம்.